இடது ஓரத்தில் ரோனி ஹெப்டன்

வட இங்கிலாந்தில் எங்கள் ஊரான ஹார்கிளிஃபில் வயதானவர்கள் யாரைக் கேட்டாலும் ரோனி ஹெப்டன் அடித்த அந்தக் கோலை நேரில் பார்த்ததாகச் சொல்வார்கள். அன்று கில்ன் லேன் மைதானத்தில் இருந்த கூட்டம் இத்தனை வருடத்தில் பல மடங்காகப் பெருகிவிட்டது. நான் உண்மையாகவே அங்கே இருந்தேன். ஆனால் பந்து வலைக்குள் போனதைப் பார்க்கவில்லை. அவனுடைய இடது முழங்காலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

போன மார்ச்சில் அவனைப் புதைத்தோம். மழையிலும் தேவாலய வாசலிலிருந்து தெருமுனை வரை ஆட்கள் நின்றார்கள். அந்த வாரத்து ஊர்ப் பத்திரிகையில் படம் போட்டு, ஊருக்காகத் தன் காலைக் கொடுத்தவர், அதற்காக ஒருநாளும் வருந்தியதில்லை என்று எழுதியிருந்தார்கள். எழுதியவனுக்கு வயது இருபத்தைந்துகூட இருக்காது. அவன்மேல் தப்பில்லை, ஊர் சொன்னதை எழுதினான். நான் எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன்.

ரோனி எங்கள் வீட்டுக்கு வந்தது ஐம்பத்தைந்தாம் வருடம், கோடை முடியும் சமயம். அப்பா நெஞ்சுச்சளியில் போன பிறகு என் அம்மா எத்தெல், மாடி அறைகளை ஊர்க் கால்பந்துக் கிளப்பின் ஆட்டக்காரர்களுக்கு விட்டுச் சமைத்துப் போட்டுக்கொண்டிருந்தாள். நான் பதினாலு வயதிலேயே பள்ளியை விட்டவள். வீட்டு வேலையோடு கிளப்பின் சட்டைகளையும் காலுறைகளையும் துவைப்பது என் வேலை. பள்ளத்தாக்கின் மேல்முனையில் நிலக்கரிச் சுரங்கம் உண்டு. அந்தச் சுரங்கத்து அணியில் ஆடிக்கொண்டிருந்தவனை ஆர்தர் லம்ப் பார்த்துப் பிடித்துக் கூட்டிவந்தார்.

"எத்தெல், இவன் ரோனி. ராத்திரியில குறட்டை விடுவான்னு இவங்கம்மா சொல்றாங்க. பகல்ல கோல் அடிப்பான்னு நான் சொல்றேன்."

"ரெண்டாவது பொய்யா இருந்தா முதலாவதுக்காகத் திருப்பி அனுப்பிடுவேன்" என்றாள் அம்மா.

இரண்டும் உண்மையாகவே இருந்தன.

ஆர்தரைப் பற்றி ஒரு வார்த்தை. எங்கள் கிளப்பின் வைத்தியர் அவர்தான். பழைய ஆட்டக்காரர். வைத்தியம் எங்கும் படித்ததில்லை. ஒரு வாளித் தண்ணீர், ஒரு கடற்பஞ்சு, ஒரு புட்டித் தைலம், இவ்வளவுதான் அவர் கையிருப்பு. மற்ற கிளப்புகளிலும் அப்படித்தான் இருந்தது. யாராவது கீழே விழுந்தால் ஆர்தர் வாளியோடு ஓடுவார். குளிர்ந்த பஞ்சை அடிபட்ட இடத்தில் பிழிந்து, "எந்திரிச்சு ஓடு, சரியாயிடும்" என்பார். பெரும்பாலும் சரியாகிவிடும்.

ரோனிக்கு ஒன்பதாம் எண் சட்டை கொடுத்தார்கள். அவன் வேகமாக ஓடுகிறவன் இல்லை. மற்றவர்கள் பந்தைத் துரத்தும்போது இவன் எங்கோ சும்மா நிற்பதுபோல நிற்பான். கொஞ்ச நேரத்தில் பந்து அவன் நிற்கும் இடத்துக்கு வந்து சேரும். நான் சலவை அறை வாசலில் நின்று பார்ப்பேன். பார்வையாளர் மேடைக்கு அடியில், ஆடுகளத்தின் ஓரத்தை ஒட்டிய அறை அது. அங்கிருந்து ஆட்டக்காரர்களின் இடுப்புக்குக் கீழேதான் நன்றாகத் தெரியும். அதனால் எனக்கு ஆட்டம் என்றால் கால்கள்தான்.

நான்காவது டிவிஷன் என்று ஒன்று வந்ததிலிருந்து நாங்கள் அதில்தான். அதற்குக் கீழே எதுவும் இல்லை. மில்லில் வேலை முடிந்து நேராக வருகிற கூட்டம், தலைக்குமேல் நீராவி கிளம்ப நின்று கத்தும். ரோனி கோல் அடித்தால் அவன் எங்கள் ஊர்க்காரன். தவறவிட்டால் சுரங்கத்தான்.

"டேய் ஹெப்டன்! அந்த இடத்துல எங்க வீட்டு பீரோவை நிறுத்தி வச்சிருந்தாக்கூட பந்து பட்டு உள்ள போயிருக்கும்டா!"

"பீரோவை நாளைக்கே அனுப்பி வைங்க" என்று ரோனி திரும்பிக் கத்துவான். "நான் உக்காந்து பாக்கறேன்."

திங்கட்கிழமை இறைச்சிக் கடையில் அதே ஆள் அவனுக்குப் பக்கத்தில் நின்று ஈரல் வாங்குவார். ஒரே பேருந்தில்தான் ஆட்டக்காரர்களும் ரசிகர்களும் மைதானத்துக்குப் போவார்கள். ஒளிந்துகொள்ள இடம் கிடையாது.

அப்படியே ஆறு ஆட்டப் பருவங்கள். ஒவ்வொரு பருவத்திலும் எங்கள் கிளப் அடித்த கோல்களில் பாதிக்குமேல் அவனுடையது. ஆனாலும் நாங்கள் பட்டியலின் அடியிலேயே கிடந்தோம், ஏனென்றால் எங்கள் பக்கம் விழுந்த கோல்கள் அதைவிட அதிகம்.

அவனுக்கு என்ன வேண்டும் என்று வாய்விட்டுச் சொன்னது ஒரே ஒரு தடவைதான். நான் பின்கட்டில் காலுறைகளைப் பிழிந்துகொண்டிருந்தேன். அவன் படிக்கட்டில் உட்கார்ந்து பூட்ஸிலிருந்து சேறு சுரண்டிக்கொண்டிருந்தான்.

"மேவிஸ், முதல் டிவிஷன் மைதானத்துல ஏப்ரல் மாசத்துலகூடப் புல் இருக்குமாம். தெரியுமா?"

எங்கள் மைதானத்தில் நவம்பரிலேயே புல் செத்து, வசந்தம் வரை வெறும் சேறுதான். நான் தலையசைத்தேன்.

"ஒரு வருஷம் போதும். அப்புறம் எங்க வேணா திரும்பி வந்து சேத்துல புரளலாம். நான் அங்க ஆடக்கூடியவனா இல்லையான்னு ஒரு தடவை தெரிஞ்சா போதும்."

அறுபத்தொன்றாம் வருடம் அது நடக்கும்போல இருந்தது. குளிர் முடியும் சமயத்தில் ஒட்டகமயிர்க் கோட்டுப் போட்ட ஒரு மனிதர் பார்வையாளர் மேடையில் உட்கார ஆரம்பித்தார். எங்கள் ஊரில் அந்த மாதிரிக் கோட்டை யாரும் வைத்திருக்கவில்லை. ஆகவே பெரிய கிளப்புக்கு ஆள் பார்க்க வந்தவர் என்று ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது. மூன்றாவது முறை அவர் வந்துபோன பிறகு மேனேஜர் குரோதர் ரோனியை அறைக்குக் கூப்பிட்டார். தெற்கே ஒரு முதல் டிவிஷன் கிளப், பேச்சு முடிந்துவிட்டது. பருவத்தின் கடைசி ஆட்டம் சனிக்கிழமை. திங்கட்கிழமை ரயிலேறிப் போய் அவர்களுடைய டாக்டரிடம் உடம்பைக் காட்டிவிட்டுக் கையெழுத்துப் போட வேண்டும்.

அன்று சாயங்காலம் பெரில் வந்தாள். ஆல்பியன் மில்லில் தறி ஓட்டுகிறவள். தறிச் சத்தத்தில் பேசிப் பழகியதால் அவள் எப்போதும் உதடுகளை நன்றாக அசைத்து மெதுவாகப் பேசுவாள். ஜூனில் அவர்களுக்குக் கல்யாணம் என்று முடிவாகியிருந்தது.

"இருபத்தாறு வயசாச்சு பெரில்" என்றான் ரோனி. "இந்தத் தடவை விட்டா இனிமே எவனும் கூப்பிட மாட்டான்."

"விடப்போறவன் மாதிரி பேசறியே" என்று அவள் சிரித்தாள்.

அம்மாதான் அதைச் சொன்னாள். "அப்ப சனிக்கிழமை ஆடாதே. வயித்து வலின்னு சொல்லிப் படுத்துடு. நானே குரோதர்கிட்ட சொல்றேன், என் சமையல்தான் காரணம்னு."

"உங்க சமையலைச் சொன்னா உடனே நம்புவார்."

"நான் வெளையாட்டுக்குச் சொல்லலடா."

அந்தச் சனிக்கிழமை என்னவென்று எங்கள் எல்லாருக்கும் தெரியும். நான்காவது டிவிஷனில் கடைசி நான்கு இடத்தில் முடிக்கும் கிளப்புகள் கோடையில் லண்டனுக்குப் போய், அடுத்த வருடமும் எங்களைச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று மற்ற கிளப்புகளிடம் ஓட்டுக் கேட்க வேண்டும். ஹார்கிளிஃப் ஏற்கெனவே இரண்டு தடவை போய் நின்றிருக்கிறது. மூன்றாவது தடவை யாரும் ஓட்டுப் போடமாட்டார்கள். சனிக்கிழமை ஜெயித்தால் தப்பிக்கலாம். இல்லையென்றால் கிளப்பே இல்லை.

"மா, கூட ஆடற பத்துப் பேருக்கும் வேற வேலை தெரியாது" என்றான். "நான் ரயிலேறிப் போயிடுவேன். அவனுங்க?"

பெரில் அவன் சட்டைக் கையைப் பிடித்தாள். "ஆடு. ஆனா எதுக்கும் காலை நீட்டாதே."

சனிக்கிழமை காலையிலிருந்து மழை. ஆட்டம் தொடங்கி அரை மணி இருக்கும், எங்கள் பக்க ஓரத்தில், எனக்கு மிக அருகில்தான் அது நடந்தது. பந்து ரோனிக்கு முன்னால் சேற்றில் நின்றுபோனது. அவன் அதை எடுக்கத் திரும்பினான். எதிரணியான டன்ஸ்பரியின் தடுப்பாட்டக்காரன் பக்கவாட்டிலிருந்து வந்து மோதினான். வேண்டுமென்று செய்ததாகத் தெரியவில்லை. ரோனியின் இடது பாதம் சேற்றில் புதைந்து அப்படியே நின்றது, உடம்பு மட்டும் திரும்பியது. அவன் கத்தவில்லை. உள்ளங்கையால் தரையை அடித்தான்.

ஆர்தர் வாளியோடு ஓடிவந்தார்.

"எங்கடா?"

"உள்ள. உள்பக்கம்."

"எந்திரி. நட பாப்போம். ம், நடக்கிறியே. குதி."

ரோனி குதித்தான். முகம் வெளுத்துவிட்டது.

எல்லைக் கோட்டுக்கு வெளியே இருந்து குரோதர் கேட்டார். "ஆர்தர், எலும்பு உடைஞ்சிருக்கா?"

"இல்ல பாஸ்."

"அப்ப ஓரத்துல நிறுத்து."

இப்போதுள்ளவர்களுக்கு இது விநோதமாக இருக்கும். அந்தக் காலத்தில் மாற்று ஆட்டக்காரர் கிடையாது. ஒருவன் வெளியேறினால் மிச்சமிருப்பவர்கள் பத்துப் பேராகவே ஆடி முடிக்க வேண்டும். அதனால் அடிபட்டவனை வெளியே அனுப்பாமல் இடது ஓரத்தில் கொண்டுபோய் நிறுத்துவார்கள். அவன் எதுவும் செய்ய வேண்டாம், நொண்டிக்கொண்டு நின்றால் போதும். எதிரணியில் ஒருவனாவது அவனைக் காவல் காப்பான். எல்லாக் கிளப்புகளிலும் இதுதான் வழக்கம். கொடுமை என்று யாரும் நினைத்ததில்லை. குரோதரே ஒரு காலத்தில் தோள்பட்டை எலும்பு முறிந்து அந்த ஓரத்தில் நின்றவர்தான், அதைப் பெருமையாகச் சொல்லுவார்.

இடைவேளையில் உலர்ந்த சட்டைகளை உடை மாற்றும் அறைக்கு எடுத்துப் போனேன். வாசலுக்கு மேல் நான் போவதில்லை. கதவு திறந்திருந்தது. ரோனி பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். முழங்கால் உப்பிய ரொட்டிபோல இருந்தது. ஆர்தர் அகலத் துணியைச் சுற்றிக்கொண்டிருந்தார்.

"ஆர்தர், திங்கக்கிழமை..." என்றான் ரோனி.

"வெறும் சுளுக்குடா. நாளைக்கு நல்லா சூடு வச்சா திங்கக்கிழமை நீ டான்ஸ் ஆடுவே."

குரோதர் அவன் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். "நீ பந்தைத் தொடவே வேணாம். சும்மா நில்லு. வேணாம்னா சொல்லிடு, நான் எதுவும் நினைச்சுக்க மாட்டேன்."

மற்ற பத்துப் பேரும் தேநீரைக் குடித்துக்கொண்டு தரையைப் பார்த்தார்கள். அவர்களில் யாராவது, போய் உட்காருடா என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நான் காத்திருந்தேன்.

"இன்னும் இறுக்கிக் கட்டு" என்றான் ரோனி.

இரண்டாம் பாதியில் டன்ஸ்பரிக்காரர்கள் கொஞ்ச நேரம் அவனுக்கு ஓர் ஆளைக் காவல் வைத்தார்கள். அவன் நிற்கிற நிலையைப் பார்த்ததும் அந்த ஆளையும் நடுவுக்கு இழுத்துக்கொண்டார்கள். ஓரத்தில் அவன் தனியாக மழையில் நின்றான். ஒரு காலில் நின்றான் என்றே சொல்ல வேண்டும். இரண்டு பக்கமும் கோல் இல்லை. நேரம் போய்க்கொண்டிருந்தது. கூட்டத்தில் சத்தம் குறைந்துவிட்டது.

முடிய இன்னும் கொஞ்ச நேரம் இருக்கும்போது, நடுவே நடந்த ஏதோ தள்ளுமுள்ளில் பந்து தெறித்து வெளியே உருண்டது. அவன் பக்கம். பக்கத்தில் எவனும் இல்லை. அவன் அதை நோக்கிப் போனான். ஓட்டம் என்று சொல்ல முடியாது. ஒவ்வோர் அடிக்கும் அந்த முழங்கால் உள்பக்கமாக மடங்கியது, போகக்கூடாத திசையில். பந்தருகே வந்துவிட்டான். அவனுடைய அடி வலது காலில்தான். வலது காலால் அடிக்க வேண்டுமென்றால் முழு உடம்பையும் இடது காலில் ஊன்றியாக வேண்டும். அவன் ஊன்றினான். அதைத்தான் நான் பார்த்தேன்.

மேடை இடிந்துவிட்டதோ என்று நினைக்கும்படி தலைக்கு மேல் சத்தம் கேட்டது. அதிலிருந்துதான் கோல் என்று தெரிந்துகொண்டேன்.

ஆட்டம் முடிந்ததும் கூட்டம் களத்துக்குள் இறங்கியது. அவனைத் தோள்மேல் தூக்கினார்கள். ஒரு காலை ஒருவர், இன்னொரு காலை இன்னொருவர் பிடித்திருந்தார்கள். கட்டுத் துணி அவிழ்ந்து தொங்கியது. "எறக்குங்க, எறக்குங்கடா" என்று அவன் சொல்வது என் பக்கமாகக் கொண்டுவந்தபோது எனக்குக் கேட்டது. தூக்கியிருந்தவர்கள் பாடிக்கொண்டிருந்தார்கள்.

ஆர்தர் அவனைப் பெரிய குளியல் தொட்டியில், பொறுக்க முடிந்த அளவு கொதிக்கும் நீரில் உட்காரவைத்தார். ஞாயிற்றுக்கிழமை முழுக்க எங்கள் சமையலறையில் வைத்தியம் நடந்தது. வெள்ளைக் களிமண் பசை டப்பாவை வாணலித் தண்ணீரில் வைத்துச் சூடாக்கி, துணியில் தடவி முழங்காலில் பற்றுப் போட வேண்டும். ஆறினால் அடுத்தது. அம்மா தடவினாள், நான் சூடாக்கினேன், பெரில் அவன் தலையைப் பிடித்துக்கொண்டாள். வீக்கம் ஏறியதே தவிர இறங்கவில்லை. இன்னும் சூடு போதவில்லை என்று நினைத்தோம்.

வாசலில் ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். முட்டை, கேக், தோல் உரித்த முயல். எல்லாருக்கும் காலைப் பார்க்க வேண்டும்.

"இந்தக் கால்தானா?"

"அடிச்சது இது இல்லைங்க" என்றான் ரோனி. "அது வலது கால்."

"அப்ப அதைக் காட்டுப்பா, இதை என்னத்துக்குப் பாக்கறது!"

ரோனியும் சிரித்தான். அவர்கள் போன பிறகு, "மா, இன்னொரு பத்து போடுங்க" என்றான்.

திங்கட்கிழமை காலை கட்டை அவிழ்த்துவிட்டோம். கட்டோடு கால்சட்டை ஏறவில்லை, தவிர டாக்டர் பார்த்துவிடுவார். அவன் தன்னிடமிருந்த ஒரே நல்ல கோட்டும் கால்சட்டையும் போட்டுக்கொண்டு, பாத்திரம் கழுவும் தொட்டியிலிருந்து வாசல்வரை நடந்து பழகினான். நாங்கள் மூன்று பேரும் மேஜையைச் சுவரோரம் தள்ளிவிட்டு நின்றுகொண்டிருந்தோம்.

"இப்ப?"

"கொஞ்சம் சாயறே" என்றாள் பெரில்.

அவன் திரும்பிப் போய் மறுபடி வந்தான். நெற்றியில் வியர்வை. "இப்ப?"

"வலது தோளைக் கொஞ்சம் தூக்கு. ம். இன்னொரு தடவை."

"இப்ப?"

"இப்ப ஒண்ணுமே தெரியல" என்றாள் அம்மா. பெரில் அம்மாவைப் பார்த்தாள்.

துணைக்கு ஆர்தர் போனார். சாயங்காலம் திரும்பி வந்தபோது ஆர்தர் மட்டும்தான் உள்ளே வந்தார். ரோனி வெளியே சுவரோரம் பெரிலோடு நின்றிருந்தான். ஆர்தர் தொப்பியைக் கழற்றவில்லை.

"நல்லாத்தான் நடந்தான் எத்தெல். வாசல்லேருந்து டாக்டர் மேஜை வரைக்கும் ராஜா மாதிரி நடந்தான்."

"அப்புறம்?"

"குத்துக்காலிட்டு உக்காரச் சொன்னார்."

அம்மா நாற்காலியை இழுத்துப் போட்டாள். அவர் உட்காரவில்லை.

"உக்காந்தான். எந்திரிக்க முடியல. நானும் அந்த டாக்டரும் ஆளுக்கொரு கையைப் பிடிச்சுத் தூக்கினோம். உள்ள இருக்கிற நாரு சுத்தமா அறுந்துபோச்சாம். இதுக்கு யாருய்யா சூடு வச்சதுன்னு கேட்டார். ஈரத் துணி போட்டுக் காலை ஆட்டாம வச்சிருக்கணுமாம். அதுகூடப் பரவாயில்லைன்னார். மொதல்ல அடிபட்டப்பவே உக்காந்திருந்தா தைச்சிருக்கலாமாம். அப்போ பாதிதான் கிழிஞ்சிருக்குமாம். இதை வச்சுக்கிட்டு எவன் இவனை ஆடவிட்டான்னு கேட்டார்."

"நீ என்ன சொன்னே?"

"என்னத்தைச் சொல்ல? தொப்பியைக் கையில வச்சுக்கிட்டு நின்னேன்."

அம்மா அடுப்பைப் பார்த்தாள். வாணலியும் டப்பாவும் இன்னும் அங்கேயே இருந்தன. நான் அவற்றை எடுத்துப் பின்கட்டுக்குக் கொண்டுபோனேன்.

ஜூனில் கல்யாணம் நடந்தது. ரோனி ஊன்றுகோலோடு தேவாலயத்தில் நின்றான். வெளியே ஊரே கூடி, அந்தக் கோலைப் பற்றித் தாங்களே கட்டிய பாட்டைப் பாடியது. அறுவைச் சிகிச்சை நடந்தது, ஒரு பருவம் முழுக்கப் போயிற்று. திரும்பி வந்து ஆடினான். எங்கே நிற்க வேண்டும் என்பது அவனுக்கு முன்போலவே தெரிந்திருந்தது, அங்கே போய்ச் சேர்வதற்குள் பந்து போய்விடும். கூட்டம் அவனை ஒரு வார்த்தைகூடத் திட்டவில்லை. பீரோவைப் பற்றி யாரும் கத்தவில்லை. ஒருநாள் சலவை அறை வாசலில் நின்று அவனே சொன்னான். "இப்பல்லாம் கைதட்டறாங்க மேவிஸ். தப்பா அடிச்சாலும் தட்டறாங்க."

இரண்டு வருடம் பொறுத்துவிட்டுக் குரோதர் அவனை விடுவித்தார். அழுதுகொண்டே விடுவித்தார் என்று கேள்வி. பிறகு கடற்கரையோரத்துச் சின்னக் கிளப்பு ஒன்று, அதற்குப் பிறகு லீக்கிலேயே இல்லாத ஓர் அணி. வாரநாளில் வேலை, சனிக்கிழமை பழைய பேருந்தில் எங்கோ ஒரு வயல்வெளிக்குப் போய் முந்நூறு பேர் முன்னால் ஆடுவது. முப்பத்தொரு வயதில் அதுவும் நின்றது. ஆல்பியன் மில் வாசலில் வண்டிகளை எடை பார்க்கும் வேலை கிடைத்தது. உட்கார்ந்து செய்கிற வேலை.

மாற்று ஆட்டக்காரரை அனுமதித்த புதிதில், அவனும் பெரிலும் கில்ன் லேனுக்கு ஓர் ஆட்டம் பார்க்க வந்தார்கள். எங்கள் அணியில் ஒருவனுக்குக் கணுக்கால் பிசகியது. ஆர்தர் வாளியோடு ஓடினார். குனிந்து பார்த்தார். பிறகு அவன் தோளில் கைபோட்டு வெளியே நடத்திக்கொண்டு வந்தார். நான் துவைத்து மடித்திருந்த சட்டையைப் போட்டுக்கொண்டு வேறொருவன் உள்ளே ஓடினான். அவ்வளவுதான். யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. வேலியோரம் நின்றிருந்த ரோனி, வெளியே வந்தவனையே பார்த்துக்கொண்டிருந்தான். அந்தப் பையன் பெஞ்சில் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துத் தின்ன ஆரம்பித்தான். ரோனி பெரிலிடம் ஏதோ சொல்ல, இருவரும் இடைவேளைக்கு முன்பே போய்விட்டார்கள். அதன் பிறகு அவன் ஆட்டம் பார்க்க வருவதை நிறுத்திவிட்டான்.

ஊர் அவனை விடவில்லை. மதுக்கடையில் அவன் கோப்பை காலியாக விடமாட்டார்கள். பேருந்து நிறுத்தத்தில் முன்பின் தெரியாதவர்கள் தங்கள் பிள்ளைகளிடம் அவனைக் காட்டினார்கள். "நான் கோலுக்குப் பின்னாடிதான் நின்னேன் ரோனி. நீ நொண்டிக்கிட்டே வந்தியே, ஐயோ, இப்ப நினைச்சாலும் புல்லரிக்குது!" அவன் தலையாட்டுவான். எங்கள் வீட்டு அடுப்பங்கரையில் அவன் அந்தக் கோலைப் பற்றிப் பேசியதே இல்லை. ஆர்தரும் பேசமாட்டார். ஞாயிற்றுக்கிழமைகளில் ஆர்தர் அவனைப் பார்க்கப் போவார். இரண்டு பேரும் குதிரைப் பந்தயத்தைப் பற்றியும் முட்டைக்கோஸைப் பற்றியும் பேசிவிட்டுப் பிரிவார்கள், ஆர்தர் சாகும்வரை அப்படித்தான்.

அந்தக் கோலுக்கு இருபத்தைந்து வருடம் ஆனதைக் கிளப் கொண்டாடியது. அந்த வருடமும் நாங்கள் பட்டியலின் அடியில்தான். இடைவேளையில் அவனை ஆடுகளத்துக்கு நடுவே அழைத்துப் போனார்கள். பெரில் கூட நடந்தாள். அவன் கையில் தடி. மேடையில் உட்கார்ந்திருந்த எல்லாரும் எழுந்து நின்றார்கள். அறிவிப்பாளர் ஓர் இளைஞர், கிளப்பின் சின்னம் தைத்த கோட்டுப் போட்டவர், ஒலிவாங்கியை அவன் முன்னால் நீட்டினார்.

"ரோனி! ஊரே கேக்கணும்னு ஆசைப்படற கேள்வி. இன்னொரு தடவை அந்த நாள் வந்தா, அதே காலோட, அதே ஓரத்துல போய் நிப்பீங்களா?"

"மாட்டேன்" என்றான் ரோனி.

கூட்டம் சிரித்தது.

"இல்லைங்க, நெஜமாத்தான் சொல்றேன். மாட்டேன். உக்காந்திருப்பேன். எனக்குத் திங்கக்கிழமை வேற ஒரு வேலை இருந்தது."

சிரிப்பு இன்னும் பெரிதாகி, கைதட்டலாக மாறியது. அறிவிப்பாளர் அவன் முதுகில் தட்டினார். "பாத்தீங்களா, இன்னும் அதே குறும்பு!" என்றார். எங்கோ ஒருவர் பழைய பாட்டை ஆரம்பித்தார். எல்லாரும் பிடித்துக்கொண்டார்கள். ரோனி வாயைத் திறந்தான், பிறகு ஒலிவாங்கியைக் கையால் விலக்கிவிட்டான். பெரில் மட்டும் சிரிக்கவில்லை.

அவர்கள் களத்தைக் கடந்து என் சலவை அறைக்கு வந்தார்கள். நான் நாற்காலியைத் துடைத்துப் போட்டேன். அவன் உட்காரவில்லை. உட்கார்ந்தால் எழுந்திருக்க நேரமாகும்.

"டீ இருக்கா மேவிஸ்?"

ஊற்றிக் கொடுத்தேன். நின்றபடியே குடித்தான். எங்கள் தலைக்கு மேல் மேடைப் பலகைகளைக் காலால் மிதித்துக்கொண்டு அவன் பெயரைப் பாடிக்கொண்டிருந்தார்கள். தூசி உதிர்ந்து தேநீரில் விழுந்தது.

"இவங்க நிறுத்தவே மாட்டாங்களா?" என்றாள் பெரில்.

"ஆட்டம் தொடங்கினா நிறுத்திடுவாங்க" என்றான் ரோனி.